ஏ.சி.பி. பிரத்யுமனுக்கு ஏன் பதவி உயர்வு கிடைக்கவில்லை? – கிங்ஸ் சர்க்கிள் தரும் சான்றுகள்

சிலப்பதிகாரத்தின் காலம் பற்றி அடிதடி நடந்து ஓய்ந்துவிட்டது. கரிகாலன் ஒருவனா இருவரா என்பதற்கும் போதிய அளவு தாள் செலவாகிவிட்டது. ஆனால் 1998 ஜனவரி 21 அன்று சோனி தொலைக்காட்சியில் உதவி ஆணையராகத் தோன்றிய ஒரு போலீஸ் அதிகாரி, 2018 அக்டோபர் 27 அன்று தொடர் நின்ற நாளிலும் அதே உதவி ஆணையராகவே இருந்தார் என்ற வரலாற்று உண்மையை நம் ஆய்வுலகம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ‘சி.ஐ.டி.’ தொடரின் ஏ.சி.பி. பிரத்யுமனைத்தான் சொல்கிறேன். இருபது ஆண்டு, ஒன்பது மாதம். 1500-க்கும் மேற்பட்ட எபிசோடுகள். இரண்டு எபிசோடுக்கு ஒரு பிணம் என்று கஞ்சத்தனமாகக் கணக்குப் போட்டாலும் எழுநூறு வழக்குகளைத் தாண்டும். நடுவில் 2004-ல் ஒரு எபிசோடை 111 நிமிடம் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்துச் சாதனைப் புத்தகத்திலும் ஏறினார்கள். இத்தனைக்கும் பிறகு அந்த மனிதருக்கு டி.சி.பி., அதாவது துணை ஆணையர் நாற்காலி ஏன் கிடைக்கவில்லை?

இதைக் கேட்க ஓர் இடம் வேண்டும். பாந்த்ராவில் கேட்டால் கேள்வியே புரியாது. போலீஸ் குடியிருப்பில் கேட்டால் தவறாகப் புரிந்துகொள்வார்கள். எல்லா வகையிலும் பொருத்தமான களம் மும்பை மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள்தான் என்று இந்த ஆய்வு துணிகிறது. காரணம், அங்குள்ள தமிழர்களின் உத்தியோக வரலாறு. டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் லோயர் சர்டிபிகேட்டுகளை டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் தாதரில் வந்து இறங்கியவர்களின் வாரிசுகள் இவர்கள். பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வகுத்த தாதர்–மாட்டுங்கா மனைகளில் கட்டடங்கள் எழுந்தபோது வாடகைக்குப் புகுந்த குடும்பங்கள். அடுத்த தலைமுறை வங்கி, எல்.ஐ.சி., ரயில்வே, ஏ.ஜி. ஆபீஸ் என்று பரவியது. இவர்கள் வீடுகளில் கொலை நடந்ததில்லை, டிரான்ஸ்பர் நடந்திருக்கிறது. எந்த சர்வீஸ் ரூலில் எந்த உபவிதி யாருடைய வயிற்றில் அடித்தது என்பதை, பஞ்சாங்கம் பார்க்காமல் ஏகாதசி சொல்வதுபோல் சொல்லக்கூடியவர்கள்.

கள ஆய்வு பெரும்பாலும் மேம்பாலத்துக்கு அடியில் நடந்தது. டாக்டர் அம்பேத்கர் சாலை மேம்பாலத்தின் கீழே, முன்பு வண்டிகளும் குப்பையும் நின்ற இடத்தில், 2016-ல் நாநாலால் டி. மேத்தா தோட்டம் என்று ஒன்று வந்தது. நர்மதை ஆறு ஓடும் வளைவுகளையே நடைபாதையாகப் போட்டிருக்கிறார்கள். காலையில் வேட்டியை மடித்துக் கட்டிய மாமாக்களும் ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட மாமிகளும் அமர்கண்டக்கில் புறப்பட்டுக் கடல் வரை போய்த் திரும்புகிறார்கள். தலைக்கு மேலே சயான் போகும் பஸ்களின் அதிர்வு, கீழே சி.ஐ.டி. பற்றிய வாதப் பிரதிவாதம். துணைக் களம், ஞாயிற்றுக்கிழமைகளில் கஃபே மெட்ராஸ் வாசலில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் கூட்டம். பசியோடு நிற்பவர்களின் கருத்துகளில் சற்றுக் கடுமை கூடுதல் என்பதால் அவற்றை எச்சரிக்கையுடனே எடுத்தாண்டிருக்கிறேன்.

முன்னோர் பற்றிச் சுருக்கமாக. 1985-ல் தூர்தர்ஷனில் பங்கஜ் கபூர் கேரட்டைக் கடித்துக்கொண்டு ‘கரம்சந்த்’ ஆக வந்தார். உதவியாளர் கிட்டியை வாயை மூடச் சொன்னார். 1993-ல் பாசு சாட்டர்ஜி இயக்கத்தில் ரஜித் கபூர் ‘பியோம்கேஷ் பக்ஷி’ ஆக வந்தார். வேட்டி கட்டியதால் மாட்டுங்காவில் உடனடி அங்கீகாரம் கிடைத்தது. இருவரும் சொந்தத் தொழில் செய்தவர்கள். மாதச் சம்பளமோ இன்கிரிமென்ட்டோ கிடையாது. ஆகவே இந்த ஆய்வுக்கு அவர்கள் பயன்பட மாட்டார்கள். நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் சுஜாதா நாவல் தேடும் ஒரு சாரார், பிரத்யுமனின் கீழ் வேலை பார்க்கும் அபிஜீத்–தயா ஜோடியின் மூலம் கணேஷ்–வசந்த்தான் என்று நிறுவ முயல்கிறார்கள். கணேஷும் வசந்த்தும் வக்கீல்கள், யார் வீட்டுக் கதவையும் உடைத்தவர்கள் அல்லர், வசந்த்தின் கவனம் வேறு திசையில் இருக்கும் என்பதால் இக்கோட்பாடு நிற்காது.

இனி, கேள்விக்கு வருவோம். மேம்பாலத்துக்கடியில் மூன்று சிந்தனைப் பள்ளிகள் இயங்குகின்றன.

முதலாவது மறுப்புவாதம். இதன் தலைமை உரையாசிரியர், நாட்டுடைமை வங்கி ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வுபெற்ற பேங்க் மாமா. அவர் சொல்வது: “ஆபீஸர் பிரமோஷன்னா என்ன ஓய்? முதல்ல ஒரு ஸ்வீட் பாக்கெட், அடுத்த வாரமே ஜார்க்கண்ட். பிரத்யுமன் எழுதிக் குடுத்திருப்பார். ‘எனக்கு பிரமோஷன் வேண்டாம், மும்பையிலேயே விடுங்கோ’ன்னு.” வங்கியில் பதவி உயர்வை மறுத்துக் கடிதம் கொடுத்துவிட்டு, பிள்ளைகளை எஸ்.ஐ.இ.எஸ். பள்ளியிலும் டான் பாஸ்கோவிலும் படிக்க வைத்து, ஒரே கிளையின் ஒரே கவுன்ட்டரில் முடி நரைத்தவர்கள் அந்தத் தோட்டத்தில் கணிசமாக உண்டு. கிளை மேலாளர்கள் வருவார்கள், போவார்கள். லாக்கர் சாவி இவர்களிடம் இருக்கும். பிரத்யுமனை அவர்கள் பார்த்த கணத்தில் இனம் கண்டுகொண்டார்கள்.

இந்தப் பள்ளிக்கு வலுவான புறச்சான்று ஒன்று இருக்கிறது. பிரத்யுமனாக நடித்த சிவாஜி சாட்டம், முழுநேர நடிகராவதற்கு முன் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியாவில் காசாளர். வங்கிகளுக்கிடையேயான நாடகப் போட்டி வழியாக மேடைக்கு வந்தவர். இந்தத் தகவலை முதன்முதலில் கேட்ட நாளில் பேங்க் மாமா நர்மதை நடுவிலேயே நின்றுவிட்டார். “அதான் பார்த்தேன்! அந்த விரலை விரிச்சு விரிச்சுக் காட்டறது நோட்டு எண்ணின கை, ஓய்!” பிரத்யுமன் ‘குச் தோ கட்பட் ஹை’ (ஏதோ கோளாறு இருக்கிறது) என்று சொல்லும்போது கை காற்றில் சுழல்வதை நாடே அறியும். அது கல்லாவில் பத்து ரூபாய் குறையும் மாலை நேரத்துக் கை அசைவு என்ற விளக்கத்தை வேறெந்த ஆய்வாளரும் தந்ததாகத் தெரியவில்லை. வாதத்துக்குப் பலவீனமும் உண்டு. பிரத்யுமனுக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகள் இல்லை. இருந்த ஒரே மகனும் கதைப்படி தப்பு வழியில் போய், அப்பா கையாலேயே குண்டடிபட்டான். பிள்ளையின் படிப்புக்காக ஊரிலேயே இருந்தார் என்பது இந்த வழக்கில் செல்லாது. இதைச் சுட்டிக்காட்டியபோது பேங்க் மாமா, “அதனாலதான் வீட்டுக்கே போகாம ஆபீஸ்லயே கிடந்தார்” என்றார். எந்தச் சான்றையும் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும் திறம் நல்ல உரையாசிரியருக்கு அழகு.

இரண்டாவது தணிக்கைவாதம். ஏ.ஜி. ஆபீஸ் மாமா இதை வளர்த்தெடுத்தவர். அரசுப் பணத்தை யார் எந்தத் தலைப்பில் செலவழித்தார்கள் என்று வாழ்நாள் முழுக்கப் பச்சை மையில் கேள்வி கேட்டவர். அவர் கருத்தில் பிரத்யுமனின் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு விசாரணை நிலுவையில் நிற்கிறது. காரணம், கதவு.

‘தயா, தர்வாஜா தோட் தோ’ (தயா, கதவை உடை). இந்த நான்கு சொல் ஆணையின் பேரில் இன்ஸ்பெக்டர் தயா உடைத்த கதவுகளை யாரும் எண்ணிவைக்கவில்லை. ஆணையிட்டவர் பிரத்யுமன். எந்தக் கதவுக்காவது செலவுச் சீட்டு உண்டா? இழப்பீடு எந்தக் கணக்குத் தலைப்பில்? வாடகை வீடாக இருந்தால் நஷ்டம் வீட்டுக்காரருக்கா, குடியிருப்பவருக்கா? ஏ.ஜி. மாமாவின் குரல் இவ்விடத்தில் உயரும். “ஒரு ஆடிட் பேரா நிலுவையில இருந்தாலே போதும். டி.பி.சி. கூடும்போது கவரை மூடி வெச்சுடுவா. இருபது வருஷமா அந்தக் கவரைத் திறக்கலை. அவ்வளவுதான் விஷயம்.” டி.பி.சி. என்பது பதவி உயர்வுக் குழு. விசாரணை நிலுவையில் இருப்பவரின் முடிவை உறையில் இட்டு ஒட்டி வைப்பது அரசு அலுவலக நடைமுறை.

கதவு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இதில்தான் மாட்டுங்காவின் பங்களிப்பு உலகளாவியது. இங்குள்ள பழைய கட்டடங்களின் வாசற்கதவு பர்மாத் தேக்கு. நிலையும் தேக்கு. அரை நூற்றாண்டுக்கு மேல் மாவிலைத் தோரணம் கட்டிக் கட்டி ஆணி அடித்த ஓட்டைகள் நிலையின் தலையில் வரிசையாக இருக்கும். உள்ளே பித்தளைத் தாழ்ப்பாள் மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவே நாதாங்கி. போதாததற்கு வெளியே ‘சேஃப்டி டோர்’ என்று கம்பி வைத்த இன்னொரு கதவு. உள்கதவு உட்பக்கம் திறக்கும். சேஃப்டி டோர் வெளிப்பக்கம் திறக்கும். வெளிப்பக்கம் திறக்கும் கதவைக் காலால் உதைத்தால் அது நிலையில் இன்னும் இறுகித்தான் உட்காரும். உடைப்பவர் முதலில் அதை இழுக்க வேண்டும். இழுத்துத் திறக்கும் தயாவை யாரும் பார்த்ததில்லை.

இதன்மேல் ஒருநாள் காலை நடந்த விவாதத்தை அப்படியே பதிவு செய்கிறேன். மாட்டுங்கா மார்க்கெட்டில் மல்லிகை மாலை கட்டும் தம்பி, கடை திறக்கும் முன் இந்தப் பக்கம் வருவார். தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் பிறந்தவர். தாத்தா திருநெல்வேலிப் பக்கம்.

“அங்கிள், தயா சார் தோள்லதான் இடிப்பாரு. கால் கெடயாது.”

“கால்தாண்டா. நான் எத்தனை பார்த்திருக்கேன்.”

“ரெண்டும் உண்டுன்னு வச்சுக்கங்க. ஆனா எங்க ஏரியாவுக்கு வந்தா ரெண்டும் வேண்டாம் அங்கிள். பத்துக்குப் பத்து ரூம்பு, தகரக் கதவு. சத்தமா ‘தயா’ன்னு சொன்னாலே தெறந்துக்கிடும்.”

“உங்க பில்டிங்ல?” என்று பேங்க் மாமாவைக் கேட்டேன்.

“எங்க பில்டிங்லயா? முதல்ல வாட்ச்மேன் ரெஜிஸ்டர்ல எழுதச் சொல்லுவான். அப்புறம் சொசைட்டி செக்ரட்டரி வந்து, உடைச்ச கதவை மாத்தறதுக்கு என்.ஓ.சி. கேட்பார். அதுக்குள்ள குத்தவாளி புனேக்குப் போயிடுவான்.”

தயாவாக நடித்த தயானந்த் ஷெட்டி, வட்டு எறிதலில் பெயர் வாங்கியவர். துளு பேசும் குடும்பம். மாட்டுங்காவில் ஷெட்டி என்றால் ஹோட்டல் என்று பொருள். ஆகவே இங்கே அவரைப் பற்றிய பேச்சு சுழன்று சுழன்று இட்லியில் வந்து முடிவதைத் தவிர்க்க முடிவதில்லை.

கதவு உடைக்கச் சட்டம் இடம் தருகிறதா என்றால், தருகிறது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 44-ஆம் பிரிவு. கைது செய்ய வந்த அதிகாரி தான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொல்லி, உள்ளே விடும்படி கேட்டு, அதற்கும் வழி கிடைக்காவிட்டால் கதவையோ ஜன்னலையோ உடைக்கலாம். அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: உள்ளே போன அதிகாரி மாட்டிக்கொண்டால், வெளியே வருவதற்காகவும் உடைக்கலாம். வெளியே வர உடைத்த கதவு சி.ஐ.டி.யில் இருக்கிறதா என்பது முனைவர் பட்டத்துக்கு ஏற்ற தலைப்பு. சோதனை போடும்போது அந்தப் பகுதியில் குடியிருக்கும் மரியாதைப்பட்ட இரண்டு பேரைச் சாட்சியாக வைத்துப் பஞ்சநாமா எழுத வேண்டும் என்பதும் சட்டம். இங்கேதான் மாமாக்களின் உண்மையான மனக்குறை வெளிப்படுகிறது. இருபது வருஷத்தில் பிரத்யுமன் எத்தனை வீட்டைச் சோதித்தார்! பஞ்ச் என்று சொல்லி ஓய்வுபெற்ற ஒருவரை அழைத்து உட்கார வைத்து, ஒரு காபி கொடுத்து, கையெழுத்து வாங்கிய காட்சியை நாங்கள் பார்த்த எபிசோடுகளில் காணோம். மாட்டுங்காவில் மரியாதைப்பட்டவர்களுக்கும் பஞ்சமில்லை, அவர்களிடம் நேரத்துக்கும் பஞ்சமில்லை.

மூன்றாவது பள்ளி டெபுடேஷன்வாதம். நுட்பமானது; ஆகவே ஆதரவாளர் குறைவு. மும்பை நகரப் போலீசில் துப்பு துலக்குவது கிரைம் பிராஞ்ச். சி.ஐ.டி. என்பது மகாராஷ்டிர மாநில அமைப்பு. அதன் தலைமையகம் புனே. அப்படியானால் மும்பையில் உட்கார்ந்து சி.ஐ.டி. என்று பலகை மாட்டியிருக்கும் பிரத்யுமன், ‘ஏ.சி.பி.’ என்ற நகரப் போலீஸ் பதவிப் பெயரையும் வைத்திருக்கும் பிரத்யுமன், யாருடைய ஆள்? இரவல் ஆள்தான் என்கிறார் எல்.ஐ.சி. மாமா. தாய்த் துறை, அவர் வேலை பார்க்கும் இடத்தில் கேளுங்கள் என்னும். வேலை பார்க்கும் துறை, தாய்த் துறைக்கு எழுதியிருக்கிறோம் என்னும். கோப்பு மும்பைக்கும் புனேக்கும் நடுவே லோனாவாலாவில் இருபது வருஷமாக நிற்கிறது.

வயது பிரச்சினையை யாரும் எழுப்பத் துணியவில்லை; கடமை கருதி நான் எழுப்பினேன். மகாராஷ்டிர அரசு ஊழியருக்கு ஓய்வு வயது 58. சிவாஜி சாட்டம் பிறந்தது 1950. நடிகரின் வயதே பாத்திரத்தின் வயது என்று கொண்டால், 2008-லேயே பிரிவுபசார விழா நடந்து, சால்வை போர்த்தி, சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்திருக்க வேண்டும். மூன்று பள்ளிகளும் ஒரே குரலில் என்னைக் கண்டித்தன. “அவருக்கு ஏது ஓய் ரிட்டயர்மென்ட்?” என்றார் பேங்க் மாமா. ஓய்வுபெற்றவர்கள் கூட்டத்தில் இதைக் கேட்டது நாகரிகமில்லை என்று பிறகு எனக்கே பட்டது.

தொடரின் தடயவியல் நிபுணர் டாக்டர் சாலுங்கே பற்றி நிறைய எழுதலாம், எழுதப்போவதில்லை. மும்பையின் உண்மையான தடய அறிவியல் ஆய்வகம் கலீனாவில் இருக்கிறது. அங்கிருந்து அறிக்கை வருவதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். சாலுங்கேயின் மேஜையில் சோதனைக் குழாய் நிறம் மாறும் வேகத்துக்கு வரும். ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் மாலை வரை காத்திருக்கும் சர்க்கரை நோயாளிகள் அவர்மேல் வைத்திருக்கும் பொறாமையை இங்கே குறித்தால் போதும். தொடரில் ஃப்ரெட்ரிக்ஸாக வந்து சிரிக்கவைத்த தினேஷ் பட்னிஸ் 2023 டிசம்பரில் காலமானார். அன்று தோட்டத்தில் கோட்பாடு எதுவும் பேசப்படவில்லை.

மாமிகளின் பள்ளி தனி. அவர்கள் 2019-க்குப் பிறகு பெரும்பாலும் ‘தி ஃபேமிலி மேன்’ பக்கம் போய்விட்டார்கள். உளவுத்துறை அதிகாரி ஸ்ரீகாந்த் திவாரியின் பெண்டாட்டி சுசித்ரா ஐயர் என்றதும் மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் அக்கறை பன்மடங்கானது. அவள் எந்த ஊர் ஐயர், பாலக்காடா கும்பகோணமா, குழந்தைகளோடு வீட்டில் தமிழ் ஏன் பேசுவதில்லை, வடக்கத்தி மாப்பிள்ளை ரசம் சாப்பிடுவானா என்பவை விவாதப் பொருள்கள். குண்டு எங்கே வெடிக்கப் போகிறது என்பது விவாதப் பொருளே இல்லை. 2021-ல் வந்த இரண்டாம் பாகத்துக்குத் தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்து, தடை செய்யக் கோரி மாநில அரசே மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது. அதே பாகத்தில்தான் உதய் மகேஷ் நடித்த செல்லம் சார் வந்தார். ஓய்வுபெற்றவர், போனில் கூப்பிட்டால் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்பவர். மாமாக்கள் அத்தனை பேரும் ஃபேமிலி மேனுக்கு மானசீகமாகக் கட்சி மாறியது அந்தக் கணத்தில்தான். ஓய்வுக்குப் பிறகும் போன் வரும் என்ற செய்தி அவர்களுக்குப் பெரிய ஆறுதல். வீட்டில் அவர்களுக்கு வரும் போன்கள் கே.ஒய்.சி. கேட்டு வருபவை.

பாண்டார்கர் ரோட்டு மாமி ஒருவர்தான் இந்த ஆய்வைத் திருப்பிப் போட்டவர். எங்கள் மூன்று பள்ளிகளின் சண்டையைப் பூக்கூடையோடு நின்று பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் இருக்கட்டும் மாமா. இத்தனை வருஷம் பார்த்தேளே, கொலை பண்ணினவா ஒருத்தர் பேராவது ஞாபகம் இருக்கா?” என்றார்.

மௌனம். பேங்க் மாமா விரலை விரித்தார், சொல் வரவில்லை. பூக்கடைத் தம்பிக்கு, அண்ணன் வேஷத்தில் வந்த தம்பி ஒருவன், ஐஸ் கத்தி ஒன்று, இறந்ததாக நடித்த பணக்காரர் ஒருவர் என்று முறைகள் நினைவிருந்தன. பெயர் ஒன்றுகூட இல்லை. கரம்சந்த்தின் கேரட் நினைவிருக்கிறது. அவர் பிடித்த ஆள் யார்? யாருக்கும் தெரியாது. எழுநூறு கொலைகாரர்கள் ஒரு தடயமும் விடாமல் தப்பிவிட்டார்கள்.

இனி, அதே வட்டத்தில் நின்று திசை திருப்பிக் கேட்டேன். இந்தத் தெருக்களில் நிஜமாகவே நடந்ததைப் பற்றி. மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் பிரம்மாண்டமாகப் பிள்ளையார் வைத்தது யார்? தம்பி, மாமா, மாமி, எதிரே வந்த முன்பின் தெரியாதவர் வரை எல்லோரும் ஒரே நேரத்தில் “வரதாபாய்!” வரதராஜ முதலியார். கள்ளச்சாராயம், துறைமுகத் திருட்டு, பஞ்சாயத்து எல்லாம் தெரியும். 1987-ல் ‘நாயகன்’ வந்தது தெரியும். மறு வருஷம் அவர் சென்னையில் இறந்து, உடல் பம்பாய்க்கு வந்ததும் தெரியும். சரி, அவர் இந்த ஊரை விட்டுச் சென்னைக்குப் போகும்படி நெருக்கிய போலீஸ் அதிகாரி யார்? தலையைச் சொறிந்தார்கள். ஒய்.சி. பவார், துணை ஆணையர். நாயகனில் நாசர் நடித்த போலீஸ் அதிகாரியின் பாத்திரப் பெயரையும் கேட்டேன், அதுவும் இல்லை.

இன்னொரு சோதனை. அறுபதுகளில் நடைபாதையில் தூங்குகிறவர்களை இரும்புத் தடியால் அடித்துக் கொன்று பம்பாயையே நடுங்க வைத்தவன் யார்? ராமன் ராகவ், பிறக்காத தலைமுறைக்கும் தெரியும். அவன் பெயரில் 1991-ல் ஸ்ரீராம் ராகவன் படம் எடுத்தார், 2016-ல் அனுராக் காஷ்யப் எடுத்தார். 1968 ஆகஸ்டில் தெருவில் போய்க்கொண்டிருந்தவனை அடையாளம் கண்டு பிடித்த சப்-இன்ஸ்பெக்டர்? அலெக்ஸ் ஃபியால்ஹோ. விசாரணையை நடத்திய கிரைம் பிராஞ்ச் தலைவர்? ரமாகாந்த் குல்கர்னி. கோழிக்கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிறகே அவன் வாய் திறந்தான் என்ற கதைகூட எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வாங்கிக் கொடுத்தவர் பெயர் தெரியாது. இதில் ஒரு உபரித் தகவல்: அந்த ஸ்ரீராம் ராகவனின் சகோதரர் ஸ்ரீதர் ராகவன்தான் சி.ஐ.டி.யின் தொடக்க கால எழுத்தாளர்களில் ஒருவர். ஒரே வீட்டில் ஒருவர் மறக்க முடியாத கொலைகாரனையும், மற்றவர் மறக்கவே படைக்கப்பட்ட கொலைகாரர்களையும் எழுதியிருக்கிறார்கள். பெயரைக் கேட்டதும், “ராகவனா? நம்ம பக்கத்துப் பையனாத்தான் இருக்கும்” என்று தோட்டம் உரிமை கொண்டாடியது.

ஆக, கிங்ஸ் சர்க்கிள் விதி இப்படி அமைகிறது. சீரியலில் குற்றவாளி மறைவான், போலீஸ் நிலைப்பார். தெருவில் போலீஸ் மறைவார், குற்றவாளி நிலைப்பான். ‘சேக்ரெட் கேம்ஸ்’ தொடரின் ரசிகர் ஒருவர் அதில் வரும் தாதா கணேஷ் கைதோண்டேயைக் காட்டி இதை மறுத்தார். கைதோண்டே ஒரு எபிசோடில் வந்து போகிறவன் இல்லை. எட்டு எட்டு மணி நேரமாக நம் வீட்டு வரவேற்பறையிலேயே குடியிருந்தவன். எனவே அவன் விதியை உறுதிசெய்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

காரணம் நிர்வாகம் சார்ந்தது. வரதாபாய் மாட்டுங்காவில் ஆண்டுக்கணக்காக இருந்தார். வருஷா வருஷம் பிள்ளையார் வைத்தார். போலீஸ் அதிகாரி வந்தார், பிடித்தார், அடுத்த ஊருக்கு மாற்றலாகிப் போனார். முக்கியப் பொறுப்புகளில் இருக்கும் போலீஸ் அதிகாரிகளைக் குறைந்தது இரண்டு ஆண்டாவது ஒரே நாற்காலியில் இருக்க விடுங்கள் என்று உச்ச நீதிமன்றமே 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உத்தரவு போட வேண்டியிருந்தது. இரண்டு வருஷத்தில் ஒரு ஊர் எந்த முகத்தை மனதில் வைக்கும்? சீரியலில் இது தலைகீழ். கொலைகாரன்தான் ஒரு வார டெபுடேஷனில் வருகிறான். முகம் தெரிவதே கடைசி ஐந்து நிமிடத்தில். அதற்குள் பிரத்யுமன் ‘உனக்குத் தூக்குதான்’ என்று நீதிபதியின் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுகிறார். அடுத்த வாரம் அதே நாற்காலி, அதே அபிஜீத், அதே தயா, புதுக் கதவு. இந்திய அரசுப் பணி வரலாற்றில் டிரான்ஸ்பரே ஆகாத ஒரே அலுவலகம் அது.

மாட்டுங்கா அவரை ஏன் இத்தனை ஆண்டு கைவிடவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. பேங்க் மாமா வாழ்க்கையில் மூன்று ஊர் பார்த்தவர். ஒரு தடவை பிள்ளையின் பத்தாம் வகுப்புக்கு நடுவில் பெட்டி கட்டியவர். ஏ.ஜி. மாமா நாக்பூரில் ஐந்து வருஷம் மெஸ் சாப்பாடு சாப்பிட்டவர். அசையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து, அதே சகாக்களோடு, அதே வேலையை முடித்து, மேலதிகாரி கூப்பிட்டும் போகாத ஒருவரை அவர்கள் டி.வி.யில்தான் பார்த்தார்கள். பதவி உயர்வு கிடைத்திருந்தால் தொடர் அன்றே முடிந்திருக்கும். டி.சி.பி. பிரத்யுமன் சோலாப்பூரில் கோப்பு பார்த்துக்கொண்டிருப்பார்.

2024 டிசம்பர் 21 அன்று சி.ஐ.டி. மீண்டும் தொடங்கியது. பதவியைப் பார்த்தோம்: ஏ.சி.பி. 2025 ஏப்ரலில் கதைப்படி குண்டுவெடிப்பில் பிரத்யுமன் இறந்ததாகக் காட்டி, சேனலே அஞ்சலிக் குறிப்பு வெளியிட்டது. நடிகரே போய்விட்டார் என்று எண்ணியவர்களும் உண்டு. புதிய ஏ.சி.பி.யாக ஆயுஷ்மான் என்று ஓர் இளைஞர் பொறுப்பேற்றார். கிங்ஸ் சர்க்கிள் கலங்கவில்லை. “சாவாவது ஒண்ணாவது. லாங் லீவ் போட்டிருக்கார், திரும்பி ஜாயின் பண்ணுவார் பாருங்கோ” என்றார் எல்.ஐ.சி. மாமா. பண்ணவும் பண்ணினார். “எக்ஸ்டென்ஷன் கிடைச்சுடுத்து” என்று பேங்க் மாமா அன்று எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

மூன்று பள்ளிகளையும் தூக்கிப் பார்த்ததில் மறுப்புவாதமே இந்த ஆய்வுக்கு ஏற்புடையது. பிரத்யுமனுக்குப் பதவி உயர்வு மறுக்கப்படவில்லை. அவர்தான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். ஏ.ஜி. மாமாவின் ஆட்சேபம் மட்டும் பதிவில் நிற்கிறது: கதவுகளுக்கான செலவுச் சீட்டு இன்னும் வந்தபாடில்லை. வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். சி.ஐ.டி.யின் கொலைகாரர்களில் யாராவது ஒருவரின் பெயர், முழுப் பெயராக, உங்களுக்கு நினைவிருந்தால் காலை ஏழு மணிக்குள் மேம்பாலத்துக்கடியில் வந்து சொல்லிவிட்டுப் போங்கள். மாமி பதிலுக்குக் காத்திருக்கிறார்.